மதுரை கோரிப்பாளையம் செருப்பு தைக்கிற அண்ணனுக்கும் மத்த எல்லாருக்கும்

எல்லாருக்கும் வணக்கம். எங்க அண்ணன் ஆஸ்பத்திரியில இருந்து வீட்டுக்கு வந்துட்டாரு. என்ன நடந்துச்சுன்னு உங்க எல்லாத்துக்கும் தெரியும், அத திரும்ப எழுத எனக்குத் தெம்பில்ல. அவருக்கு எச்ஐவின்னு வெளிப்படையா எழுதலாமான்னு கேட்டேன், "எழுது, பேர மட்டும் போடாத"ன்னாரு. அவரு சரின்னு சொன்னதுக்கப்புறம்தான் இத போடுறேன். சம்மதம் இல்லாம இன்னொருத்தர் விஷயத்த வெளிய சொல்லக் கூடாதுன்னு 2017 எச்ஐவி சட்டமே இருக்கு, கூடப் பொறந்தவளும் கேட்டுத்தான் சொல்லணும்.

ராத்திரியெல்லாம் வார்டு வராண்டாவுல படுத்துக் கெடந்த மாமா பையன், தூக்குவாளியில கஞ்சி கொண்டு வந்த பக்கத்து வீட்டு அத்தை, பெரியாஸ்பத்திரி நர்ஸ் அக்காமாரு, எச்ஐவி மாத்திரை குடுக்குற ஏஆர்டி சென்டர் கவுன்சிலர் மேடம், கேட்காமலே ஜிபே பண்ணி விட்ட ஃப்ரெண்ட்ஸ், எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி. யாரையாவது விட்டிருந்தா கோவிச்சுக்காதீங்க, நேர்ல வந்து சொல்றேன்.

டாக்டரம்மாவுக்குத் தனியா ஒரு நன்றி. அண்ணன் சில்லறை எண்ணத் தெரியாம நிக்கிறாரு, பாதிப் பேச்சுல நிறுத்திட்டு முழிக்கிறாருன்னு சொன்னப்ப ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாங்க, இவங்க மட்டுந்தான் உக்கார வச்சு விரலத் தட்டச் சொல்லி, நாலு வார்த்தை சொல்லிக் குடுத்துக் கொஞ்ச நேரம் கழிச்சுத் திருப்பிக் கேட்டாங்க. ரெண்டுதான் வந்துச்சு. கிருமி நரம்பு செல்லுக்குள்ள நேரா போயி உக்காராதாம், வெள்ளையணுவுல ஒளிஞ்சுக்கிட்டு தொத்துன கொஞ்ச நாள்லயே மூளைக்குள்ள போயிருமாம், அங்க காவலுக்கு இருக்குற செல்லுங்கள்ல குடியேறி, அதுங்க கக்குறதுலதான் நரம்பு கெட்டுப் போகுதாம். மாத்திரை ஒழுங்கா சாப்பிட்டா மூளை நெறைய தெளியும், கெட்டுப்போன கால் நரம்பு அப்படி முழுசா சரியாகும்னு சத்தியம் பண்ண முடியாதுன்னும் ஒளிக்காம சொல்லிட்டாங்க. அவரு சாப்பிடுற டிபி மாத்திரையும் நரம்பத் தொடும்னு பி6 வைட்டமினும் சேத்துக் குடுத்தாங்க.

இப்ப கால் விஷயம். கீழப் போற நரம்புதான் ரொம்ப நீளம், அதனால வெரல் நுனியிலதான் முதல்ல ஆரம்பிக்குமாம், ரெண்டு கால்லயும் ஒண்ணாப்புல. ராத்திரியில மொளகாப் பொடி தூவுன மாதிரி எரியுதும்பாரு, போர்வை பட்டாக்கூட ஆகாது, ஆனா பகல்ல செருப்பு கழண்டு விழுந்ததே தெரியாம நாலு கடை தாண்டி நடந்துட்டாரு. எரியுற காலே எப்படி மரத்தும் போகும்னு எனக்கு இன்னும் ஆச்சரியந்தான்.

அன்னைக்கு ஆஸ்பத்திரியில இருந்து வர்ற வழியில வார் அந்துபோச்சுன்னு கோரிப்பாளையத்துல மரத்தடி அண்ணன்ட்ட குடுத்தேன். அவரு தைக்கவே இல்ல. செருப்பத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "முன்னாடி மட்டும் தேஞ்சிருக்கு, கால இழுத்து நடக்குறாரா"ன்னாரு. சொல்லிட்டு எங்கண்ணன் கால எடுத்து அவரு மடியில வச்சாரு பாருங்க, எனக்கு என்ன பேசுறதுன்னே தெரியல, சொந்தக்காரங்களே ஆறு மாசமா தள்ளித்தான் நின்னாங்க. தொட்டா ஒட்டாதுன்னு எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியணுமேன்னு விஷயத்தச் சொல்ல வாயெடுத்தேன். "சீக்கு என்னன்னு எனக்கெதுக்கு தாயி, அளவு எடுக்கணும், சாயங்காலமா கூட்டிட்டு வா, அப்பத்தான் கால் வீங்கி நிக்கும்"னு முடிச்சுட்டாரு.

சாயங்காலம் அட்டையில கால வரஞ்சு எடுத்தாரு. எம்சிஆர்னு மெத்துன்னு இருக்குற ரப்பர் ஷீட்டு போட்டு, வெரலுக்கு நடுவுல வர்ற வாரு இல்லாம, மேல ரெண்டு பட்டை, பின்னாடி ஒரு பட்டை, எல்லாம் ஒட்டிப் பிரிக்கிற மாதிரி. ஒரு ஆணி கூட அடிக்கல. "பசைதான் போடுவேன், ஆணி மேல ஏறி வந்தாலும் இவருக்குத் தெரியாது, பொத்துக்கிட்டு ரத்தம் வந்தப்புறந்தான் பாப்பீக"ன்னாரு. சுகர்க்காரங்களுக்கு ரொம்ப வருஷமா தச்சுக் குடுக்குறாராம். போடுறதுக்கு முன்னாடி செருப்பத் தட்டி உள்ள கல்லு கெடக்கான்னு பாக்கச் சொன்னாரு, மீனாட்சி கோயிலுக்குப் போனா வெயில் ஏறுறதுக்கு முன்னாடி போயிட்டு வந்துருங்க, கல்லு சுடுறது கால் சொல்லாதுன்னாரு. டாக்டரம்மா டியூனிங் ஃபோர்க்குன்னு தட்டுனா அதிருற கம்பிய கால்ல வச்சுக் கண்டுபிடிச்சத இவரு தேஞ்ச செருப்பப் பாத்தே கண்டுபிடிச்சுட்டாரு, என்னத்தச் சொல்ல.

காசு கேட்டா ஷீட்டுக்கு மட்டும் வாங்கிக்கிட்டாரு. கூலி குடுக்கப் போனா, "நடந்து காட்டச் சொல்லு, அப்புறம் பாப்போம்"னு அனுப்பிட்டாரு.

அண்ணன் இப்ப தெரு முக்கு வரைக்கும் போயி பால் வாங்கிட்டு வர்றாரு, மிச்சக் காசும் சரியா இருக்கு. ராத்திரி தூங்குறதுக்கு முன்னாடி உள்ளங்கால்ல காயம் இருக்கான்னு லைட் அடிச்சுப் பாக்குறது இனிமே என் வேலை, அவரு எவ்வளவு திட்டுனாலும் சரி. இத படிக்கிறவங்க வீட்டுல யாருக்காவது இப்படி எரிச்சல், மறதி இருந்தா அடுத்த தடவை மாத்திரை வாங்கப் போறப்ப வாயத் தொறந்து சொல்லுங்க, யார்ட்ட கேட்கன்னு தெரியலன்னா எச்ஐவி ஹெல்ப்லைன் 1097க்குப் போன் போடுங்க, காசு கெடையாது.

அண்ணே, உங்க மக இத போன்ல படிச்சுக் காட்டும்னு நெனக்கிறேன். கூலி பாக்கி இருக்கு, ஞாயித்துக்கிழமை அண்ணனயே நடந்து வந்து குடுக்கச் சொல்லியிருக்கேன். இன்னொண்ணு, ஏஆர்டி சென்டர்ல கால் எரியுதுன்னு சொல்றவங்க இன்னும் நாலஞ்சு பேரு இருக்காக, அவங்களுக்கு உங்க இடத்தச் சொல்லலாமா? வேணாம்னா அன்னைக்கே சொல்லிருங்க, சொல்ல மாட்டேன்.