மைக்கைச் சுற்றி நின்றவர்கள்: பே ஏரியா தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணன்மாரே, அக்காமாரே, நண்பர்களே,

வணக்கம். நம் ஊர்க் கம்யூனிட்டி காலேஜின் (இரண்டு வருடப் படிப்பு தரும் அரசுக் கல்லூரி) நாடக வகுப்புகளுக்காக உங்களிடம் ஓர் உதவி கேட்கத்தான் இந்த மடல். முதலில், பொங்கல் விழாவில் நாம் போடும் நாடகத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். மேடையில் மூன்று மைக். ராஜா, மந்திரி, எதிரி நாட்டுத் தளபதி எல்லோரும் அந்த மூன்றையும் சுற்றிக் குளிர்காய்வது போல நிற்பார்கள். வசனம் முடிந்தவர் ஓர் எட்டு பின்னால் போய் அடுத்தவருக்கு வழி விடுவார். ஏழு வருடம் அந்த நாடகங்களை இயக்கிய குற்றவாளி நான்தான்.

ஒருமுறை நம் ஊர்க் கம்யூனிட்டி காலேஜில் நாடகம் சொல்லித்தரும் ஆசிரியையை விழாவுக்கு அழைத்து வந்தேன். அவருக்குத் தமிழில் ஒரு சொல் தெரியாது. முழு நாடகத்தையும் பார்த்துவிட்டு, வெளியே வடையைக் கடித்தபடி ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “அந்த இரண்டு பேரும் ஜென்ம விரோதிகள் என்றால், ஏன் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவே இல்லை?”

அடுத்த வருடம் நான்கு சனிக்கிழமைகள் ஒரு காசு வாங்காமல் வந்தார். மைக்கை எடுத்துவிட்டு, கடைசி வரிசைக்குக் கேட்கும்படி பேசப் பழக்கினார். கத்தக் கூடாது, மூச்சை அடிவயிற்றிலிருந்து எடுக்க வேண்டும் என்றார். மைக் இல்லாத காலத்தில் கொட்டகையையே நிறைத்த கிட்டப்பா, சுந்தராம்பாள் வழி வந்தவர்கள் நாம். இதை நமக்குச் சொல்லித்தர ஓர் அமெரிக்கர் வர வேண்டியிருந்தது. சரி, வந்தாரே.

அவர் இந்த மே மாதம் ஓய்வு பெறுகிறார். 28 வருட வேலை. அந்த இடத்துக்கு முழுநேர ஆசிரியர் எவரையும் எடுப்பதாக இல்லை என்று கேள்விப்பட்டேன். இரண்டு பகுதிநேர ஆசிரியர்களை வைத்து ஓட்டப் போகிறார்களாம். கல்லூரியின் பெயரை எழுதவில்லை. உங்களில் பாதிப் பேருக்கு எது என்று தெரியும்.

அவருடைய வேலை என்ன என்று எனக்கும் முதலில் தெரியாது. என் மகன் அங்கே சேர்ந்த பிறகு, சும்மா இருப்பானேன் என்று மாலை நேர மேடை அமைப்பு வகுப்பில் நானும் சேர்ந்தேன். முதல் நாள் கையில் துளையிடும் இயந்திரத்தைக் கொடுத்தார். மரச்சட்டத்தில் துணியை இழுத்து அடித்து, சாயம் பூசினால் அது சுவர். பின்னால் முட்டுக் கொடுக்க மறந்தால் கதாநாயகன் கதவைச் சாத்தும்போது வீடே ஆடும். என் வீடு ஆடியது.

பகலில் அவர் நடிப்பு வகுப்பும் நாடக வரலாறும் எடுப்பார். சாயங்காலம் ஆறு மணிக்கு ஒத்திகை, முடியப் பத்து ஆகும். ஒரு நாடகத்துக்கு இப்படி ஏழெட்டு வாரம். நடுவில் பழைய துணிக்கடைகளில் கோட்டு தேடுவார், மேடை விளக்குக் கம்பத்தில் ஏறுவார், நோட்டீஸ் ஒட்டுவார், வேலைக்குப் போய்விட்டுப் பசியோடு வரும் பையனுக்கு அலமாரியில் நூடுல்ஸ் வைத்திருப்பார். கடைசிக் காட்சி முடிந்த இரவே போட்ட அரங்கத்தை எல்லோரும் சேர்ந்து பிரிக்க வேண்டும். கதாநாயகி உட்பட ஆணி பிடுங்காமல் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. ஒரு வருடம் அவரை ‘மேடம்’ என்றே கூப்பிட்டேன். பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள் என்று அதட்டிய பிறகும் வாய் வரவில்லை.

இதைப் பகுதிநேர ஆசிரியர் செய்ய முடியாதா என்று கேட்பீர்கள். திறமை இல்லை என்று நான் சொல்லவில்லை. கலிஃபோர்னியாவில் பகுதிநேர ஆசிரியருக்கு ஒரு கல்லூரி மாவட்டத்தில் (ஒரே நிர்வாகத்தின் கீழ் உள்ள கல்லூரிகள்) முழுநேரப் பளுவில் 67 சதவீதத்துக்கு மேல் வகுப்பு கொடுக்கச் சட்டம் இடம் தராது. அதனால் அவர்கள் காலையில் ஒரு கல்லூரி, மாலையில் இன்னொன்று என்று காரிலேயே வாழ்கிறார்கள். ‘ஃப்ரீவே ஃப்ளையர்’ என்று அவர்களுக்குப் பட்டப்பெயரே உண்டு. 880 நெடுஞ்சாலையில் மாட்டிக்கொண்டு நிற்பவர் விளக்குக் கம்பத்தில் எப்போது ஏறுவார்?

மாணவர் எண்ணிக்கை குறைந்துவிட்டது என்பது கல்லூரி நிர்வாகம் சொல்லும் காரணம். குறைந்தது உண்மைதான். அதில் ஒரு பங்கு 2013இல் மாநிலம் முழுவதும் வந்த விதியால். அதற்கு முன் ஒரே நாடக வகுப்பில் ஒருவர் பலமுறை சேரலாம். ஓய்வுபெற்ற தபால்காரர், இரவு ஷிப்டு நர்ஸ் என்று ஊர்க்காரர்கள் பருவத்துக்குப் பருவம் வந்து, பதினெட்டு வயதுப் பிள்ளைகளோடு நடித்துக்கொண்டிருந்தார்கள். அறுபது வயது ராஜாவுக்கு அறுபது வயது ஆளே கிடைத்தார். விதி மாறிய பிறகு, தேர்ச்சி பெற்ற வகுப்பைத் திரும்ப எடுப்பது சில விலக்குகளைத் தவிர நின்றுபோனது. ஒரே வகையான பயிற்சி வகுப்புகளில் நான்குக்கு மேல் எடுக்கவும் முடியாது. தபால்காரர் வீட்டில் உட்கார்ந்துவிட்டார். இப்போது ராஜாவுக்குப் பவுடர் போட்டு நரை வைக்கிறார்கள்.

மீதிப் பங்கு நம்முடையது. என் மகனுக்கு நினைத்த பல்கலைக்கழகம் கிடைக்காமல் இங்கே சேர்ந்தபோது, மதுரைக்குப் போன் செய்து “காலேஜ் சேர்ந்துட்டான்” என்று மட்டும் சொன்னேன். எந்தக் காலேஜ் என்று கேட்ட மாமாவிடம் சிக்னல் சரியில்லை என்றேன். அவன் நடிப்பு வகுப்பு எடுக்கிறான் என்றதும் என் மனைவி இரண்டு நாள் பேசவில்லை. கலைப் பிரிவில் ஒரு வகுப்பு எடுத்தே ஆக வேண்டும், கலிஃபோர்னியா பல்கலைக்கழகமான யூசிக்கு மாறும்போது கணக்கில் வரும் என்று அவன் விளக்கிய பிறகுதான் சாப்பாடு வந்தது.

ஃப்ரீமாண்டிலிருந்து ஹேவர்ட் எவ்வளவு தூரம்? அங்கே இருக்கும் சாபோ கல்லூரியில்தான் ஹாலிவுட் நடிகர் டாம் ஹாங்க்ஸ் படித்தார். 2015இல் நியூயார்க் டைம்ஸில் அந்தக் கல்லூரிக்கு நன்றி சொல்லி ஒரு கட்டுரையே எழுதினார். நடிகை அனெட் பெனிங் படித்தது சான் டியேகோ மேசா கல்லூரி. நடிகர் ராபின் வில்லியம்ஸ் அரசியல் படிப்பை விட்டுவிட்டு காலேஜ் ஆஃப் மரினுக்கு வந்தார், அங்கிருந்து நியூயார்க்கின் புகழ்பெற்ற கலைப்பள்ளியான ஜூலியார்டுக்குப் போனார். மரினில் அவருக்கு வாய்த்த ஆசிரியர் ஜேம்ஸ் டன். 1971இல் ஷேக்ஸ்பியர் நாடகம் ஒன்றைக் கௌபாய் தொப்பி போட்டு மாற்றி, மாணவர்களைக் கூட்டிக்கொண்டு ஸ்காட்லாந்தின் எடின்பரோ கலை விழா வரைக்கும் போனவர். பல ஆண்டுகள் டமல்பாயஸ் மலையின் கல் அரங்கிலும் நாடகங்களை இயக்கினார். (மலையின் பெயரில் தமிழ் இருக்கிறது என்று வாட்ஸப்பில் வருவதை நம்பாதீர்கள். அது மிவோக் பழங்குடியினர் வைத்த பெயர்.)

என் மகன் நடிகன் ஆகவில்லை. சிவில் இன்ஜினியரிங் படிக்கிறான். ஆனால் பேராசிரியரிடம் போய், எனக்குப் புரியவில்லை, திரும்பச் சொல்லுங்கள் என்று கேட்கத் தெரிகிறது. எனக்கு அந்த வயதில் அது தெரியாது.

இப்போது நான் கேட்பது. கலிஃபோர்னியாவில் குடியிருப்பவர்களுக்கு ஒரு யூனிட்டுக்கு 46 டாலர், மூன்று யூனிட் வகுப்புக்கு 138. அரங்கேற்றத்துக்கு மண்டபம் பிடித்த நமக்கு இது பெரிய தொகை இல்லை. அடுத்த பருவத்துக்கு நாடக வகுப்பில் பெயர் கொடுங்கள், நீங்களே கொடுங்கள். பள்ளியில் படிக்கும் பிள்ளைகளுக்குப் பல கல்லூரிகளில் அந்தக் கட்டணமும் கிடையாது.

அப்புறம், கல்லூரியை நிர்வகிக்கும் அறங்காவலர் குழுவின் கூட்டம். இவர்கள் நம் வாக்கில் வருகிறவர்கள். வாக்குரிமை இல்லாத எச்-1பி விசா நண்பர்களும் அந்தக் கூட்டத்தில் எழுந்து பேசலாம், அதைச் சட்டமே அனுமதிக்கிறது. இங்கே ஆளுக்கு மூன்று நிமிடம் தருவார்கள். நம்மில் பத்துப் பேர் போனால் அரை மணி நேரம். அடுத்த கூட்டத்துக்கு நான் போகிறேன், காரில் மூன்று பேருக்கு இடம் இருக்கிறது.

மைக் ஒன்றுதான் இருக்கும். சுற்றி நிற்காமல் ஒவ்வொருவராகப் போவோம். பேசும்போது அவர்கள் முகத்தைப் பார்த்துப் பேசுங்கள்.

அன்புடன்,
உங்கள் பொங்கல் நாடகத்தின் பழைய இயக்குநர்