செயலாளரின் ஆண்டறிக்கை: தீவிர சிகிச்சைப் பிரிவில் நம் பணி

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், தாம்பரத்திலிருந்தும் அம்பத்தூரிலிருந்தும் திருவொற்றியூரிலிருந்தும் இந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையில் மயிலாப்பூர் வந்து சேர்ந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் என் வணக்கம். கடந்த ஏப்ரல் முதல் இந்த மார்ச் வரை செயல்முறை சிகிச்சையாளர்களான நம் சங்கம் ஆற்றிய பணிகளை அவையின் முன் வைக்கிறேன். சென்ற பொதுக்குழுவின் முடிவுப்படி, தீவிர சிகிச்சைப் பிரிவு நோயாளிகளுக்கான ஆக்குபேஷனல் தெரபி, அதாவது செயல்முறை சிகிச்சை, என்ற ஒரே பொருளுக்கே இவ்வாண்டு உழைப்பில் பெரும்பகுதியைக் கொடுத்தோம். அறிக்கையும் பெரிதும் அதைப் பற்றியதே. மாதக் கூட்டங்கள் தடையின்றி நடந்தன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார்.

உலகச் செயல்முறை சிகிச்சை நாளான அக்டோபர் 27 அன்று நோயாளிகளின் குடும்பத்தாரை அழைத்து ஒரு விளக்கக் கூட்டம் நடத்தினோம். “வென்டிலேட்டரில் கிடக்கிறவருக்கு நீங்கள் என்ன தொழில் சொல்லிக் கொடுப்பீர்கள்?” என்று ஓர் அம்மா கேட்டார். நியாயமான கேள்வி, நம் சிகிச்சைக்கு வழங்கும் ‘தொழில்வழி சிகிச்சை’ என்ற இன்னொரு பெயரால் வந்த குழப்பம் அது. முகம் துடைப்பது, பல் துலக்குவது, தலை வாருவது, இது பகலா இரவா என்று அறிவது, வேண்டியதைப் பிறருக்குத் தெரிவிப்பது ஆகிய அன்றாடச் செயல்களை நோயாளியின் கைக்கு மீட்டுக் கொடுப்பதே நம் வேலை என்றும், அந்த வேலை கட்டிலிலேயே, குழாய்களுக்கு நடுவிலேயே தொடங்க வேண்டும் என்றும் அவருக்குச் சொன்னோம்.

தொடங்கலாம் என்பதற்குச் சான்று உண்டு. 2009இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான அமெரிக்க ஆய்வில், வென்டிலேட்டரில் இருந்த 104 பேரில் ஒரு பிரிவினருக்கு, மயக்க மருந்தை நாள்தோறும் நிறுத்தும் வேளையிலேயே இயன்முறை சிகிச்சையும் செயல்முறை சிகிச்சையும் தொடங்கினார்கள். வீடு திரும்பும்போது தம் வேலையைத் தாமே செய்யக்கூடியவர்களாக அப்பிரிவில் 59 சதவீதத்தினர் இருந்தனர்; வழக்கமான பராமரிப்பு பெற்றவர்களில் 35 சதவீதத்தினரே அப்படி இருந்தனர். டெலிரியம் என்னும் மனக்குழப்பமும் பாதி நாட்களில் தெளிந்தது. எனினும் 2022இல் வெளியான, 750 பேரைக் கொண்ட ‘டீம்’ (TEAM) என்ற பெயருடைய ஆய்வையும் நம் கூட்டத்தில் முழுமையாகவே விவாதித்தோம். வழக்கத்தைவிடக் கூடுதலாக எழுப்பி நடமாட வைத்ததால் பயன் கூடவில்லை, பாதகமான நிகழ்வுகளே மிகுந்தன என்பது அதன் முடிவு. என் கருத்தில் இது நமக்கு எதிரான சான்று அன்று. அன்றைய இரத்த அழுத்தத்தையும் ஆக்சிஜன் அளவையும் விழிப்பு நிலையையும் பார்த்து, அந்த நோயாளியின் உடல் எவ்வளவு தாங்குமோ அவ்வளவே செய்ய வேண்டும் என்பதை நாம் ஒரு நாளும் மறக்கக் கூடாது.

இவ்வாண்டு நாம் செய்ததில் என் மனத்துக்கு மிக நெருக்கமானது தமிழ் எழுத்துப் பலகை. தொண்டையில் குழாய் இருப்பவர் பேச முடியாது. கையில் பேனா நிற்காது. முதலில் 247 எழுத்துகளையும் ஒரே அட்டையில் அச்சிட்டுத் தவறு செய்தோம். எழுத்து பொடியாக இருந்ததோடு, தேடுவதற்குள் நோயாளி களைத்துப் போனார். பிறகு 12 உயிரும் 18 மெய்யும் மட்டும் ஐந்து வரிசைகளாகப் பெரிதாக அமைத்தோம். நாம் வரிசை வரிசையாக விரலை ஓட்ட, நோயாளி கண் சிமிட்டி எழுத்தைக் காட்டுவார். உயிர்மெய்யை நாம் ஊகித்துக்கொள்ளலாம். தமிழ் படிக்கத் தெரியாத செவிலியர்களும் இருப்பதால், வலி, தாகம், சளி, புரண்டு படுக்க வேண்டும் என்பவற்றைப் பின்பக்கத்தில் படங்களாகப் போட்டோம்.

முதியவர் ஒருவர் அடிக்கடி கண்ணைத் தொட முயன்று கையை இழுத்தார். குழப்பத்தில் குழாயைப் பிடுங்கப் பார்க்கிறார் என்று கையைக் கட்டியிருந்தார்கள். பலகையில் ‘க’, ‘ண’ என்று இரண்டு எழுத்து வந்ததும் மகள், “கண்ணு வலிக்குதாப்பா?” என்று கேட்டார். அவர் இருமுறை சிமிட்டினார். இல்லை என்று பொருள். மூன்றாவதாக ‘ட’ வந்தது. மூக்குக் கண்ணாடி, சேர்க்கை நாளிலிருந்தே வீட்டு அலமாரியில் இருந்தது. மறுநாள் அதை மாட்டிவிட்டதும் நெடுநேரம் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கைக்கட்டை அவிழ்த்தார்கள். நான்காம் நாள், முழங்கையை நாங்கள் தாங்கிப் பிடிக்க, மகள் நீட்டிய திருநீற்றைத் தம் விரலாலேயே நெற்றியில் இட்டுக்கொண்டார். தோள், முழங்கை, விரல், கவனம், நினைவு அனைத்தும் ஒருங்கே வேலை செய்த செயல் அது.

மனக்குறை ஒன்றையும் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. நம்மை அழைப்பது பெரும்பாலும் டிஸ்சார்ஜ் எழுதும் நாளில்தான். வாரக்கணக்கில் கட்டிலில் இருந்த ஒரு நோயாளியைப் பார்க்க அப்படித்தான் என்னை அழைத்தார்கள். அதற்குள் விரல்கள் மடங்க மறுத்தன. சோற்றைப் பிசைந்து கவளமாக்க முடியவில்லை. ஸ்பூனைக் கொடுத்தபோது அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இரண்டாம் நாளிலேயே கையைச் சரியான நிலையில் வைத்து, கையை அந்த நிலையிலேயே தாங்கும் சிறு ஸ்பிளின்ட் பட்டை கட்டி, நாளுக்கு இருமுறை விரல்களை அசைத்திருந்தால் இந்த நிலையைப் பெருமளவு தவிர்த்திருக்கலாம். இதற்கு யாரையும் குறைகூற நான் விரும்பவில்லை. செயல்முறை சிகிச்சையாளரை எப்போது அழைக்கலாம் என்பதை மருத்துவர்களுக்கு நாம்தான் போதுமான அளவு சொல்லவில்லை.

ஆகவே வரும் ஆண்டில், சேர்க்கை நடந்த 48 மணி நேரத்துக்குள் நம்மிடம் கருத்துக் கேட்கக் கோரும் ஒருபக்கக் கடிதத்தை, உறுப்பினர்கள் தத்தம் மருத்துவமனையின் தீவிர சிகிச்சை மருத்துவரிடம் நேரில் கொடுக்க வேண்டும் என்று செயற்குழு பரிந்துரைக்கிறது. வீட்டிலிருந்து கண்ணாடி, காது கேட்கும் கருவி, பல் செட் ஆகியவற்றைக் கொண்டுவரச் சொல்லும் துண்டறிக்கையும் தயாராக உள்ளது. லேமினேட் செய்த எழுத்துப் பலகைகள் வாசலருகே மேசையில் இருக்கின்றன. தேவைப்படுவோர் துணைச் செயலாளரிடம் கையெழுத்திட்டுப் பெற்றுக்கொள்ளலாம். இவ்வறிக்கையை ஏற்குமாறு அவையைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்
சென்னை