வாத்தியக் குழுவுக்கும் காவல் வேண்டும்

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து பற்றிய தங்கள் கட்டுரையைப் படித்தேன். 2019 செப்டம்பரில் அயோவா மாநிலத்தின் ஏம்ஸ் நகரில் நடந்த ஆட்டத்தில், எதிரணி ரசிகர்கள் தங்களைத் தாக்கியதாக, தம் அணிக்காக வாசிக்கச் சென்ற அயோவா பல்கலைக்கழக அணிவகுப்பு இசைக்குழுவினர் புகார் செய்தார்கள். ஆட்டக்காரர்களுக்குத் தனி வழி இருக்கிறது. வாத்தியக்காரர்களோ கூட்டத்தின் நடுவே செல்கிறார்கள். இரு கைகளிலும் வாத்தியம். யாராவது தள்ளினால் கையை ஊன்றக்கூட முடியாது.

அமெரிக்காவில் என் மகளும் இப்படி ஒரு கல்லூரிக் குழுவில் கிளாரினெட் வாசிக்கிறாள். வெளியூர் ஆட்டம் ஒன்று முடிந்து பஸ்ஸுக்கு நடக்கையில் அவள் தோளில் பீர்க் கோப்பை வந்து விழுந்தது. கிளாரினெட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடியிருக்கிறாள். பத்தொன்பது வயதுப் பிள்ளை! யார் சீண்டினாலும் வாய் திறக்கக் கூடாது என்பது அவர்கள் குழுவின் விதி. அதை மதித்து நடக்கும் பிள்ளைகளுக்குக் காவல் எங்கே? வெளியூர்க் குழுவுக்குத் தனி வாசலும், பஸ் வரை முன்னும் பின்னும் காவலர்களும் உண்டு என்று ஆட்டத்தை நடத்தும் கல்லூரி முன்கூட்டியே எழுதித் தர வேண்டும்.

ஒரு வாசகி, திருச்சி