இல்லம் தேடும் நண்பனுக்கு

தென்காசி

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உன் அக்கா மகனுக்கு நேர்ந்த மோட்டார் சைக்கிள் விபத்தைப் பற்றித் தொலைபேசியில் முன்பே சொல்லியிருந்தாய் என்றாலும், தண்டுவடம் அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்வில்லாத நிலையில் அவன் வீடு திரும்பிய நாள்முதல் கட்டிலைவிட்டு இறங்கவே இல்லை என்பதை இப்போதுதான் அறிந்தேன். ஆய்க்குடியில் உள்ள அமர் சேவா சங்கம் என்ற மாற்றுத்திறனாளிகள் மறுவாழ்வு நிலையம் எங்கள் ஊருக்குப் பக்கம்தானே, அங்கே அவனைக் கடைசிவரை வைத்துப் பார்த்துக்கொள்வார்களா என்று விசாரிக்கச் சொல்லியிருக்கிறாய். அவனை அங்கே கட்டாயம் அழைத்து வா. ஆனால் எப்போது வீடு திரும்புவது என்பதையும் சேர்த்துத் திட்டமிட்டுக்கொண்டு அழைத்து வா என்பதே என் பதில். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

ஆய்க்குடி அமர் சேவா சங்கத்தைத் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன், பொறியியல் கல்லூரி மாணவராக இருந்தபோது, 1975-இல் கடற்படை அதிகாரிகளுக்கான தேர்வில் உடற்திறன் சோதனையின்போது விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். தமக்குச் சிகிச்சையளித்த மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரைச் சூட்டி, 1981-இல், அதாவது உலக நாடுகள் ஊனமுற்றோர் ஆண்டாகக் கொண்டாடிய அந்த ஆண்டில், சொந்த ஊரிலேயே சங்கத்தைத் தொடங்கினார். பின்னாளில் அவருடன் சேர்ந்துகொண்ட எஸ். சங்கரராமன் தசைச்சிதைவு நோயால் சக்கர நாற்காலியில் வாழும் பட்டயக் கணக்காளர். இருவருமே அன்றாடக் காரியங்களுக்குப் பிறர் கையை நாடவேண்டியவர்கள்தாம்; ஆனால் எதைச் செய்வது, எப்படிச் செய்வது என்ற முடிவை ஒருநாளும் பிறரிடம் கொடுத்தவர்கள் அல்லர். அவர்கள் செய்த வேலைகளில் எனக்கு மிகப் பெரிதாகப் படுவது அந்த வளாகமன்று. சுற்றுவட்டாரக் கிராமங்களில் உள்ளூர் ஆட்களையே மறுவாழ்வுப் பணியாளர்களாகப் பயிற்றுவித்து, பாதிக்கப்பட்டவர்களின் வீட்டுக்கே அனுப்பும் ஏற்பாட்டைத்தான் சொல்கிறேன். வளாகத்துக்குள் எத்தனை பேரைத்தான் வைத்துக்கொள்ள முடியும்? நூறு கட்டில் போட்டால் நூற்றோராவது ஆள் வாசலில் நிற்பான்.

என் மைத்துனரை உனக்கு நினைவிருக்கும். எங்கள் மகள் திருமணத்தில் பந்தி மேற்பார்வை பார்த்தவர். அதற்கு மறு ஆண்டு அவர் தென்னை மரத்திலிருந்து விழுந்தார். உன் மருமகனுக்கு அடிபட்ட அதே இடம்தான். இன்று அவர் கடைத்தெருவில் ஓர் இ-சேவை மையம் நடத்துகிறார்; காலையில் இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டரில் தாமே போய்த் தாமே திரும்புகிறார். இடையில் நடந்தது அற்புதம் ஒன்றுமில்லை. கால்கள் அன்றுபோலவே இன்றும் அசையவில்லை. மாறியவை எல்லாம் காலைச் சுற்றியுள்ளவை.

முதலில் தோலைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் தண்டுவடம் அடிபட்டவர்களைக் கொல்வது பெரும்பாலும் தண்டுவடமன்று. படுக்கைப் புண், சிறுநீர்த் தொற்று போன்றவையே. உணர்வில்லாத இடத்தில் அழுத்தம் விழுந்துகொண்டே இருப்பது அடிபட்டவருக்குத் தெரியாது. தெரியும்போது புண் எலும்புவரை போயிருக்கும். ஆகவே படுத்திருக்கையில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். சக்கர நாற்காலியில் அமர்ந்திருக்கையில் கால் மணிக்கு ஒருமுறை இரு கைகளையும் ஊன்றி உடம்பைத் தூக்கி இறக்க வேண்டும். என் மைத்துனர் வாடிக்கையாளரிடம் ஆதார் எண்ணைக் கேட்டு எழுதிக்கொண்டே இதைச் செய்வார். பார்ப்பவர்களுக்கு ஏதோ உட்காரும் இடத்தைச் சரிசெய்துகொள்கிறார் என்றுதான் தோன்றும். இரவில் ஒரு கைக்கண்ணாடியைப் பின்புறம் பிடித்து, எங்காவது சிவந்திருக்கிறதா என்று தாமே பார்த்துக்கொள்வார். சிவந்திருந்தால் மறுநாள் கடை திறக்காது. சிறுநீருக்கு நிரந்தரக் குழாயைத் தொங்கவிட்டுக்கொள்ளாமல், நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை சுத்தமான கதீட்டரை, அதாவது சிறுநீரை வெளியேற்றும் மெல்லிய குழாயை, தாமே செலுத்தி வெளியேற்றிவிடுகிறார். உன் அக்காவுக்கு இதையெல்லாம் மருத்துவமனையிலிருந்து அனுப்பும்போது யாராவது சொல்லிக் கொடுத்தார்களா என்று உன் கடிதத்தில் தேடினேன், காணோம். ஆய்க்குடிக்கோ வேலூர் மறுவாழ்வு நிலையத்துக்கோ அவனை அழைத்துச் செல்லச் சொல்வது முதலில் இந்தப் பயிற்சிக்காகத்தான்.

அடுத்தது வாசல். எங்கள் பக்கத்து வீடுகளில் திண்ணையை ஒட்டி மோட்டார் சைக்கிள் ஏற்றுவதற்காகச் செங்குத்தாக ஒரு சிமெண்டுச் சரிவு போட்டிருப்பார்களே, கொத்தனார் அதையே போட்டுவிட்டு ராம்ப் தயார் என்றார். அதில் சக்கர நாற்காலியை ஏற்ற வேண்டுமானால் பின்னால் இரண்டு பேர் தள்ள வேண்டும். இறக்கும்போது கடவுளை வேண்டிக்கொள்ள வேண்டும். தானே உருட்டி ஏற வேண்டுமானால் ஓர் அங்குல உயரத்துக்குப் பன்னிரண்டு அங்குல நீளம் தேவை. எங்கள் வாசற்படி பதினான்கு அங்குலம். அப்படியானால் பதினான்கு அடி நீளச் சரிவு. நேராக நீட்டினால் தெருவின் பாதியை அடைத்துவிடும் என்பதால், திண்ணையின் ஒரு பகுதியை இடித்து, சுவரை ஒட்டி ஏழடி, திரும்புவதற்கு ஒரு சமதளம், பிறகு மறுபடி ஏழடி என்று மடக்கிக் கட்டினோம். கழிவறைக் கதவை உள்பக்கம் திறப்பதிலிருந்து வெளிப்பக்கம் திறப்பதாக மாற்றினோம். கட்டிலின் காலை அறுத்து நாற்காலி இருக்கையின் உயரத்துக்குக் கொண்டுவந்தோம். இவ்வளவுக்கும் ஆன செலவு, அதற்கு முன்பு வைத்தியர்களையும் எண்ணெய்களையும் தேடி ஊர் ஊராக அலைந்ததில் பாதிகூட இல்லை.

ஆனால் இவை எல்லாவற்றையும் கட்டி முடித்த பிறகும் அவர் கட்டிலில்தான் கிடந்தார் என்பதை நான் மறைக்கக் கூடாது. அவரை எழுப்பியவர் பக்கத்துக் கிராமத்தில் கைப்பேசி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கும் ஒருவர்; பத்து ஆண்டுகளுக்கு முன் அதேபோல் அடிபட்டவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை தம் ஸ்கூட்டரில் வந்திறங்கினார். என் மனைவியையும் மைத்துனர் மனைவியையும் அறையைவிட்டு வெளியே போகச் சொல்லிவிட்டு, கட்டிலுக்கும் நாற்காலிக்கும் இடையே ஒரு வழவழப்பான பலகையைப் பாலம்போல் வைத்து, அதன்மேல் நகர்ந்து நகர்ந்து மாறிக்காட்டினார். பிறகு, மலம் கழிப்பது எப்படி, மனைவியோடு இருப்பது எப்படி என்றெல்லாம் எந்த மருத்துவரிடமும் கேட்க நாக்கு எழாத கேள்விகளுக்குப் பதில் சொன்னாராம். வெளியே உட்கார்ந்திருந்த எங்களுக்கு உள்ளே இருவரும் சிரிக்கும் சத்தம் கேட்டது.

அனுபவப்பட்டவரே வழிகாட்டுவது என்ற இந்த முறைக்குப் பழைய வேர் இருக்கிறது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் மேரி வர்கீஸ் என்ற இளம் மருத்துவர் 1954-இல் கார் விபத்தில் இரு கால்களும் செயலிழந்து, சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1966-இல் வேலூரின் பாகாயம் பகுதியில் மறுவாழ்வு நிலையம் உருவானது அவரால்தான். அங்கே சிகிச்சை பெற்றுப் போனவர்கள் ஆண்டுதோறும் திரும்பிவந்து கூடும் ஒரு மேளாவும் நடக்கிறது. கடல் கடந்து பார்த்தால் எட் ராபர்ட்ஸ் இருக்கிறார். போலியோவால் கழுத்துக்குக் கீழே செயலிழந்த அவரை, வேலைக்குத் தகுதியாக மாட்டார் என்று கலிபோர்னியா மாநில மறுவாழ்வுத் துறை முதலில் ஒதுக்கப் பார்த்தது. அவரோ 1962-இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சேர்ந்து படித்தார். பின்பு அவரும் தோழர்களும் சேர்ந்து, ஊனமுற்றவர்களே நடத்தும் சுயசார்பு வாழ்வு மையம் ஒன்றை 1972-இல் அந்நகரில் வளர்த்தெடுத்தார்கள். உதவியாளர் தேடித் தருவது, ஏற்ற வீடு பார்த்துத் தருவது, சக்கர நாற்காலி பழுதுபார்ப்பது, புதிதாக அடிபட்டவரிடம் பழையவர் பேசுவது ஆகியவையே அதன் அன்றாட வேலை. 1975-இல் அதே மறுவாழ்வுத் துறைக்கு அவரையே இயக்குநராக ஆளுநர் நியமித்தார் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

இனி நீ கேட்ட கடினமான கேள்விக்கு வருகிறேன். அக்காவுக்கு வயதாகிவிட்டது, இன்னும் எத்தனை நாள் அவளால் தூக்கிப் புரட்ட முடியும் என்று எழுதியிருக்கிறாய். நியாயமான கேள்வி. நம் நாட்டில் சுயசார்பு வாழ்க்கை என்று மேடையில் பேசப்படும் இடங்களில் எல்லாம் திரைக்குப் பின்னால் ஒரு தாயோ மனைவியோ முதுகுவலியோடு நிற்கிறாள் என்பதை நானும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். சுவீடன் 1994 முதல் நடைமுறையில் உள்ள சட்டத்தின் மூலம் உதவியாளரின் நேரத்துக்கு அரசுப் பணம் கொடுக்கிறது. யாரை அமர்த்துவது என்பதைப் பயனாளியே தீர்மானிக்கலாம். நம்முடைய 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் ஐந்தாவது பிரிவும், எந்த ஒரு குறிப்பிட்ட இருப்பிடத்திலும் வாழும்படி அவர்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது, வீட்டுக்கே வரும் உதவி உள்ளிட்ட சமுதாய ஆதரவுச் சேவைகள் கிடைக்க அரசு முயல வேண்டும் என்று அழகாகவே சொல்கிறது. சொல்வதற்கும் செய்வதற்கும் நடுவே உள்ள தூரம் உனக்கே தெரியும். தமிழக அரசு தரும் பராமரிப்பு உதவித்தொகை 2023 ஜனவரியில் மாதம் 2,000 ரூபாயாக உயர்ந்தது. தண்டுவடப் பாதிப்பும் அதில் அடங்கும். ஆனால் அந்தத் தொகையில் ஓர் உதவியாளரை ஒரு வாரத்துக்குக்கூட அமர்த்த முடியாது. உலக வங்கி உதவியோடு மாற்றுத்திறனாளிகளுக்காகத் தமிழக அரசு நடத்தும் உரிமைகள் திட்டத்தில் 'விழுதுகள்' என்ற பெயரில் சேவை மையங்கள் திறக்கப்படுகின்றன. வீடு வீடாகப் பணியாளர்கள் வருகிறார்கள். பிசியோ முதலான சிகிச்சைகள் ஒரே இடத்தில் கிடைக்கின்றன. நல்ல தொடக்கம் என்றே கருதுகிறேன். இருந்தாலும் காலையில் ஒரு மணி நேரம், இரவில் ஒரு மணி நேரம் கைகொடுக்கச் சம்பளத்துக்கு ஓர் ஆள் என்ற ஏற்பாடு வரும்வரை உன் அக்காவின் முதுகுக்கு ஓய்வில்லை.

உன் மருமகனுக்கு ஒரு வழி இருக்கிறது; மரத்திலிருந்து விழுந்த என் மைத்துனருக்கு அது இல்லாமல் போயிற்று. வாகன விபத்து என்பதால் இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் உதவியாளர் செலவையும் கேட்கலாம். 2020-இல் உச்ச நீதிமன்றம் விபத்தில் பாதிக்கப்பட்ட ஒரு சிறுமியின் வழக்கில், இரண்டு உதவியாளர்கள் தேவை, ஆளுக்கு மாதம் 5,000 ரூபாய் என்று கணக்கிட்டு, அதன் ஓராண்டுத் தொகையைப் பதினெட்டால் பெருக்கி, அந்த ஒரு வகைக்கு மட்டும் 21,60,000 ரூபாய் வழங்கியது. தாய் பார்த்துக்கொள்வாள், அதற்கென்ன செலவு என்று யாரும் மேலோட்டமாகச் சொல்லிவிட இடம் கொடுக்காதே என்று வக்கீலிடம் சொல். மனு போட ஆறு மாதக் கெடு என்று 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் சொல்கிறது. ஆகவே நாளைக் கடத்தாதே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சென்னையில் 1993 முதல் இயங்கும் பன்யன் அமைப்பு, மனநலம் பாதிக்கப்பட்டு ஆண்டுக்கணக்கில் காப்பகத்திலேயே இருந்துவிட்ட பெண்களைச் சாதாரணத் தெருக்களில் வாடகை வீடு பிடித்து, நாலைந்து பேராகக் குடியமர்த்தி, உடன் ஓர் உதவியாளரையும் வைத்து வாழவைக்கிறது. அவர்கள் தாங்களே சந்தைக்குப் போகிறார்கள், சமைக்கிறார்கள், அண்டை வீட்டாரோடு சண்டையும் போடுகிறார்கள். காப்பகத்திலிருந்து தெருவுக்கு ஆட்களை வெளியே கொண்டுவரப் பாடுபட்டுக்கொண்டிருக்கும் காலத்தில், சொந்தத் தெருவும் சொந்த வீடும் உள்ள ஒருவனை நாம் உள்ளே அனுப்ப வழி தேடுகிறோம். வயது இருபத்தாறு என்று எழுதியிருக்கிறாய். உன் கடிதத்தில் அக்கா சொன்னது, அத்தான் சொன்னது, மருத்துவர் சொன்னது, எதிர்வீட்டு ஜோசியர் சொன்னதுகூட இருக்கிறது. அவன் என்ன சொன்னான் என்பது மட்டும் இல்லை. அடுத்த முறை பேசும்போது தொலைபேசியை அவன் கையில் கொடுக்கச் சொல். என் மைத்துனரும் அவனோடு பேசத் தயாராக இருக்கிறார். இரவு ஒன்பதுக்கு மேல், கடை கட்டிய பிறகு.

மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கான முகாமுக்குப் போகும் முன் அது மாடியில் நடக்கிறதா என்று கேட்டுக்கொள். என் மைத்துனரை ஓர் அலுவலகத்தில் நாற்காலியோடு இரண்டு மாடி தூக்கிச் சென்று, நடக்க முடியாதவர் என்று சான்று வாங்கி வந்தோம். மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டைக்கான விண்ணப்பத்தை அவரே தம் மையத்திலிருந்து போட்டுத் தருவதாகச் சொல்கிறார். ஆதார், புகைப்படம், மருத்துவமனை டிஸ்சார்ஜ் சுருக்கம் ஆகியவற்றை அனுப்பினால் போதும்.

கூடவே அக்கா வீட்டில் ஒரு டேப்பை எடுத்து, வாசற்படி தரையிலிருந்து எத்தனை அங்குலம், வாசலுக்கும் சாலைக்கும் இடையே எத்தனை அடி, அறைக் கதவும் கழிவறைக் கதவும் உள் அகலம் எவ்வளவு, கட்டிலின் உயரம் என்ன என்று அளந்து எழுதி அனுப்பு. கழிவறைக் கதவு முப்பது அங்குலத்துக்குக் குறைவாக இருந்தால் நிலையையே மாற்ற வேண்டியிருக்கும். அதற்கு எங்கள் கொத்தனாரையே அனுப்பிவைக்கிறேன்; இப்போது அவருக்குச் சரிவுக் கணக்கு நன்றாகத் தெரியும்.

அன்புடன்,
உன் பழைய விடுதித் தோழன்