ஜீப்புக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் கை கொடுத்தவர்களுக்கு

சேலத்திலும் ஏற்காட்டிலும் எங்கள் பழைய ஜீப்புக்காக அலைந்த எல்லோருக்கும் வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை அடிவாரத்தில் கிளம்பி, 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி, டிரெய்லரோடு ஏற்காடு ஒண்டிக்கடையில் வந்து நின்றோம். வழியில் இரண்டு தடவை ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றியதைக் கணக்கில் சேர்க்கவில்லை. ஐந்து வருஷ வேலை. ஒவ்வொருவரையும் நேரில் பார்த்து நன்றி சொல்லப் போனால், "இதுக்கெல்லாம் எதுக்குங்க" என்று பேச்சை மாற்றிவிடுகிறீர்கள். பெயரும் போடக் கூடாதாம். சரி, பெயர் இல்லாமலே எழுதுகிறேன். யார் யாரென்று உங்களுக்குத் தெரியும்.

முதலில் மெக்கானிக் அண்ணன். நான் வாங்கியபோது வண்டியில் டீசல் இன்ஜின் ஏற்றியிருந்தது. பெட்ரோல் கட்டுப்படியாகாமல் நம் பக்கம் எத்தனையோ ஜீப்புக்கு நடந்ததுதான். அதன் சொந்த இன்ஜின், 60 குதிரைத்திறன் உள்ள நாலு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின், தோட்டத்து விறகுக் கொட்டகையில் சாக்குப் போர்த்திக் கிடந்தது. "இருக்கறதையே ஓட்டிக்கலாமேண்ணா" என்றேன். "அப்ப என்கிட்ட எதுக்கு வந்தீங்க?" என்று கேட்டுவிட்டு ஸ்பேனரைத் துடைக்கப் போய்விட்டார். இறுகிப்போன பிஸ்டன்களில் டீசல் ஊற்றி ஊறவைத்து, தினமும் சாயங்காலம் கட்டையை வைத்து ஒரே ஒரு தட்டு. பதினோராம் நாள்தான் அசைந்தது. அன்று அவர் பட்டறையில் எல்லோருக்கும் தட்டுவடை செட் வாங்கிக் கொடுத்தார். காசு அவருடையது.

வில்லிஸ் என்ற அமெரிக்க கம்பெனி செய்த ஜீப் என்று சொல்லித்தான் எனக்கு விற்றார்கள். அண்ணனுடைய பையன் ஒரு போல்ட் தலையில் படிந்திருந்த கிரீஸைச் சுரண்டினான். அடியில் ஆங்கில 'எஃப்' எழுத்து. இன்னொன்றைச் சுரண்டினான், அதிலும் 'எஃப்'. இரண்டாம் உலக யுத்த காலத்தில் வில்லிஸ் வடிவமைப்பிலேயே ஃபோர்டும் ஜீப் செய்தது. தன் போல்ட்டுகளில்கூட இப்படித் தன் பெயரின் முதல் எழுத்தைப் பொறித்தது. அந்தப் பையன் கண்ணுக்குத் தனியாக ஒரு நன்றி. பதிவு அலுவலகம் ஒன்றில் "சேசிஸ் நம்பரே இல்லையே" என்று மூன்று மாதம் திருப்பி அனுப்பியபோதும், இடது பக்கச் சட்டத்தின் மேல், இன்ஜினுக்குப் பக்கத்தில், பெயிண்டுக்கு அடியில் இருந்த எண்ணைத் தேடிப் பிடித்துப் பென்சிலால் தேய்த்துக் கொடுத்தவன் அவன்தான்.

டிரெய்லர் கதைக்கு வருகிறேன். அதற்கு முன்னால் ஒன்று சொல்ல வேண்டும். 1940 செப்டம்பரில் முதல் ஜீப்பைச் செய்து அமெரிக்க ராணுவத்திடம் கொடுத்தது பான்டம் என்ற சின்ன கம்பெனி. பெரிய ஆர்டரெல்லாம் வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் போனது. பான்டமுக்குக் கிடைத்தது ஜீப்புக்குப் பின்னால் மாட்டும் கால் டன் டிரெய்லர் செய்கிற வேலை. பெற்றவளைப் பின்னால் கட்டி இழுத்த கதைதான், போங்கள். அதனாலேயே டிரெய்லர் இல்லாமல் இந்த வண்டியை முடிக்க எனக்கு மனசு வரவில்லை.

அதைக் கொடுத்தவர் நாகலூர்ப் பக்கம் தோட்டம் வைத்திருக்கும் அம்மா. அவர் வீட்டில் அது மாடுகளுக்குத் தண்ணீர்த் தொட்டி. ஆற்றைக் கடக்கும்போது மிதக்க வேண்டும் என்று தண்ணீர் புகாதபடி செய்த பெட்டி அது. வெளியே இருக்கிற தண்ணீரை உள்ளே விடாதது, உள்ளே ஊற்றினதையும் வெளியே விடவில்லை. "எங்க மாமனார் காலத்துல இருந்தே தொட்டிதான் சாமி. சக்கரம் இருக்கறதே மறந்துபோச்சு" என்றார். அச்சு வரைக்கும் மண். தோண்டி எடுத்தவர்கள் தோட்டத்து ஆட்கள் ஆறு பேர். ஒரு முழு நாள். துருப்பிடித்த தரைத்தகட்டை மாற்றிக் கொடுத்தவர் சங்ககிரியில் லாரி பாடி கட்டும் டிங்கர் அண்ணன். பழையபடியே தண்ணீர் நிரப்பி, ஒரு ராத்திரி வைத்திருந்து, ஒழுகவில்லை என்று பார்த்த பிறகுதான் கையெடுத்தார்.

ஓய்வுபெற்ற சுபேதார் ஐயாவுக்கு நான் சும்மா நன்றி சொன்னால் போதாது. இந்த ஜீப்பின் ரிம் இரண்டு பாதியாக இருக்கும். எட்டு நட் போட்டு இறுக்கியிருக்கும். பஞ்சர் கடைத் தம்பி அதைச் சக்கரத்து நட் என்று நினைத்து ஸ்பேனரை வைத்துவிட்டான். டயரில் முழுக் காற்று. "கையை எடுடா!" என்று ஐயா போட்ட சத்தத்தில் டீக்கடையே திரும்பிப் பார்த்தது. காற்றோடு கழற்றியிருந்தால் பாதி ரிம் பறந்து வந்து அவன் முகத்தில் அடித்திருக்கும். தம்பி இப்போது அந்த எட்டு நட்டுக்கும் சிவப்புப் பெயிண்ட் வைத்திருக்கிறான்.

தை மாதம் நடந்ததையும் ஒப்புக்கொள்கிறேன். நாலு மூட்டை காபியை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு இறங்கினேன். அதற்கு நிறுத்தி வைக்கும் ஹேண்ட் பிரேக் மட்டும்தான். ஓடும்போது பிடிக்க ஒன்றும் கிடையாது. பின்னாலிருந்து தள்ளத் தள்ள, நான் பிரேக்கை மிதித்துக்கொண்டே வர, டிரம் தீய்ந்த நாற்றம். பெடல் பஞ்சு மாதிரி போனது. எதிரே ஏறி வந்த அரசுப் பேருந்து வளைவிலேயே நின்றுவிட்டது. கண்டக்டர் குதித்து ஓடி வந்து பின்சக்கரத்துக்குக் கல் வைத்தார். "ஏறின கியர்லயே இறங்கணுமுங்க" என்றார் டிரைவர், அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். அந்த வண்டியில் காத்திருந்த பயணிகளுக்கும் நன்றி.

ஏன் ராணுவப் பச்சை அடிக்கவில்லை என்று கேட்கிறவர்களுக்கு: பாதுகாப்புத் துறை வண்டிகளைத் தவிர வேறெதற்கும் ஆலிவ் பச்சை கூடாது என்று மோட்டார் வாகன விதி இருக்கிறது. பெயிண்டர் அண்ணன் டேஷ்போர்டுக்கு அடியில் ஒட்டியிருந்த பழைய சாம்பல் நிறத்தைப் பார்த்து, அதே மாதிரி கலந்து கொடுத்தார். தோட்டத்தில் ஓடிய காலத்து நிறம். எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

அப்புறம், தோட்டத்து அம்மாவுக்கு ஒரு வார்த்தை. டிரெய்லருக்குக் காசு வாங்க மாட்டேன், மாட்டுக்கு ஒரு தொட்டி வைத்துக் கொடுத்தால் போதும் என்றீர்கள். சிமெண்டுத் தொட்டி வைத்தேன். செவலை இன்னும் அதில் வாய் வைக்கவில்லை என்று நேற்றும் போனில் சொன்னீர்கள். இரண்டு மழை போகட்டும்மா, சிமெண்டு வாடை போய்விடும். அதுவரைக்கும் குடத்தில் ஊற்றி வைக்கிற தோட்டத்துத் தம்பிக்கும் என் நன்றியைச் சொல்லிவிடுங்கள்.