ஷாக்கை மாற்றுமுன் சுமையைக் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மலை, காடு என்று போகிறவர்கள் வண்டி வாங்கிய கையோடு கம்பெனி ஷாக் அப்சர்பரைக் கழற்றிவிட்டு, வெளியில் விற்கும் உயர்ரக ஷாக்கை மாட்டிக்கொள்வது நல்லது என்று சென்ற இதழின் வாகனப் பகுதியில் படித்தேன். ஒடுகத்தூரிலிருந்து ஜவ்வாது மலை ஊர்களுக்கு 18 வருஷமாக 4 வீல் டிரைவ் பிக்கப் ஓட்டுகிறவன் நான். ஏறும்போது அரிசியும் சிமெண்டும், இறங்கும்போது புளியும் சாமையும். கட்டுரை எழுதியவர் வண்டியின் பின்னால் ஒரு மூட்டை கூட ஏற்றிப் பார்த்திருக்க மாட்டார் என்றே தோன்றியது. தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வண்டியின் எடையைத் தாங்குவது பட்டை, அதாவது லீஃப் ஸ்பிரிங். ஷாக் எதையும் தாங்குவதில்லை. பட்டை அமுங்கி எழுந்து திரும்பத் திரும்ப ஆடாமல் அடக்குவதுதான் அதன் வேலை. அந்த ஆட்டத்தை உள்ளே இருக்கும் எண்ணெய் வாங்கிச் சூடாக மாற்றி வெளியே விடுகிறது. இது புரியாமல், லோடு ஏற்றினால் பின்பக்கம் இறங்குகிறது என்பதற்காகப் புது ஷாக் போட்ட பையன் ஒருவன் மறுவாரம் என்னிடம் வந்து, "இன்னாண்ணா, இவ்ளோ காசு குடுத்தும் குந்திக்குது?" என்றான். குந்தத்தான் செய்யும். அவன் போயிருக்க வேண்டிய இடம் பட்டைப் பட்டறை. நாலில் ஒரு பட்டை விண்டிருந்தது, புஷ் ரப்பர் நசுங்கித் தகடாகிவிட்டிருந்தது.

கட்டுரையில் புகழ்ந்த அமெரிக்க வண்டிகளுக்கு வருகிறேன். ஃபோர்டு ராப்டர் பிக்கப் 2010 மாடலாக வந்தபோதே ஃபாக்ஸ் நிறுவனத்தின் ஷாக் தொழிற்சாலையிலேயே பூட்டப்பட்டு வந்தது. 2017-இல் செவர்லே கொலராடோ இசட்ஆர்2 வண்டிக்கு மல்டிமேட்டிக் நிறுவனம் ஷாக் கொடுத்தது. வெளிச்சந்தையில் பெயரெடுத்தவர்களும் பந்தய வண்டிக்குச் செய்தவர்களும் கம்பெனிக்குள்ளேயே வந்துவிட்ட பிறகு, 'கம்பெனி மட்டம், வெளியே உசத்தி' என்று கோடு கிழிப்பதற்கு இடமில்லை. அந்த வண்டிகள் எதற்காகச் செய்யப்பட்டவை என்பதுதான் கேள்வி. ராப்டர் பாலைவனத்தில் பறப்பதற்கு. அதன் தம்பி ரேஞ்சர் ராப்டர் 2018-இல் வந்தபோது பின்பக்கப் பட்டையை எடுத்துவிட்டுச் சுருள் ஸ்பிரிங் வைத்தார்கள். சாதாரண ரேஞ்சர் 3,500 கிலோ இழுக்கும் என்றால் இது 2,500 கிலோதான். சுமையும் குறைவாகத்தான் ஏற்றலாம். தாவுவதற்காகச் சுமையை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். அவர்களுக்கு அது சரி. புளி மூட்டைக்காரனுக்கு?

மலை ஊரான பீஞ்சமந்தைக்குப் போகும் பாதையில் தார் விழுவதற்கு முன் நாங்கள் போன வேகம் நடந்து போகிறவரைவிடக் கொஞ்சம்தான் அதிகம். முத்துக்குமரன் மலை அடிவாரத்துக்கு இறங்கியதும் டீக்கு முன்னால் ஒரு பழக்கம் உண்டு. கீழே குனிந்து நாலு ஷாக்கையும் கையால் தொட்டுப் பார்ப்பேன். மூன்று வெதுவெதுப்பாக இருந்து ஒன்று மட்டும் சில்லென்று இருந்தால், அந்த ஒன்று செத்துவிட்டது என்று அர்த்தம். வேலை செய்யாதது சூடாகாது. இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூடக் கை சுட்டதில்லை. தனி எண்ணெய் டப்பா வைத்த ஷாக் எல்லாம், வேகமாக நெடுந்தூரம் அடிபட்டு எண்ணெய் கொதித்து நுரைக்கிற இடத்துக்கானது. எங்களுக்கு அந்தச் சூடே வருவதில்லையே.

நானும் ஆசைப்பட்டவன்தான். ஐந்தாறு வருஷத்துக்கு முன் பின்பக்கம் இரண்டுக்கும் கேஸ் அடைத்த மோனோட்யூப், அதாவது ஒற்றைக் குழாய் ஷாக் போட்டேன். காலி வண்டியில் வேலூர் ரோட்டில் வரும்போது குதிப்பு பாதியாகக் குறைந்தது உண்மை, மறைக்கவில்லை. நாலாம் மாசம் ஒரு கல் எகிறி ஷாக் உடம்பில் அடித்தது. கட்டைவிரல் பதிந்த மாதிரி ஒரு சொட்டைதான். ஆனால் மோனோட்யூபில் பிஸ்டன் அந்த வெளிச்சுவரை ஒட்டியேதான் ஓடும். சொட்டை விழுந்த இடத்தில் முட்டி நின்றுவிட்டது. கம்பெனியில் வந்த இரட்டைக் குழாய் ஷாக்கில் வெளிக்குழாய் நசுங்கினாலும் உள்குழாய் பாட்டுக்கு வேலை செய்யும். விற்ற கடையில் கேட்டதற்கு, "கல்லுக்கு கேரண்டி இல்லீங்க" என்றார்கள். ஜவ்வாது மலையில் கல்லைத் தவிர வேறென்ன இருக்கிறது?

கம்பெனி ஷாக் சாகும் வரைக்கும் போகட்டும் என்று சொல்ல வரவில்லை. எண்ணெய் கசிந்து புழுதி பிசினாக ஒட்டியிருந்தால் உடனே மாற்ற வேண்டியதுதான். மாற்றும்போது வெளிச்சரக்கு வாங்கினாலும் குற்றமில்லை. ஆஸ்திரேலியாவின் ஓல்டு மேன் ஈமு போன்றவர்கள் வண்டியில் எப்போதும் எத்தனை கிலோ இருக்கும் என்று பார்த்துத்தான் ஸ்பிரிங் தருகிறார்கள். சண்டை பிராண்டோடு இல்லை, அந்தக் கேள்வியைக் கேட்காமல் விற்பதோடுதான்.

இன்னொன்று. வண்டியை இரண்டு அங்குலம் உயர்த்தும் கிட் பற்றி ஒரே வரியில் கடந்துபோய்விட்டீர்கள். உயர்த்தினால் முன் சக்கரத்தைச் சுழற்றும் ஆக்சிலின் மூட்டான சிவி ஜாயின்ட் சாய்வு கூடி, அதை மூடியிருக்கும் ரப்பர் உறையான பூட் கிழியும், ஹெட்லைட் எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. எஃப்சிக்கு, அதாவது வண்டியின் தகுதிச் சான்றுக்கு நிற்கும் எங்கள் மாதிரி ஆட்களுக்கு இது சாதாரண விஷயமில்லை.

அடுத்த முறை ஷாக் சோதனை நடத்தினால் காலி வண்டியில் செய்யாதீர்கள். புளிக் காலத்தில் ஒடுகத்தூர் வாருங்கள். 15 மூட்டை நான் ஏற்றித் தருகிறேன், உங்கள் நிருபர் ஓட்டட்டும்.

இப்படிக்கு,
பிக்கப் ஓட்டும் வாசகர்,
ஒடுகத்தூர், வேலூர் மாவட்டம்.