சிறு பள்ளிகளின் பிற்பகலைப் பிள்ளைகளிடம் விட வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாணவர் எண்ணிக்கை குறைந்த அரசுத் தொடக்கப் பள்ளிகளைப் பற்றி நாளிதழ்களில் செய்தி வரும்போதெல்லாம், அவற்றை அருகிலுள்ள பள்ளியோடு இணைப்பதா, இருந்த இடத்திலேயே விட்டுவைப்பதா என்ற கேள்வியோடு விவாதம் முடிந்துவிடுகிறது. விட்டுவைத்த பள்ளிக்குள் பாடம் எப்படி நடக்க வேண்டும் என்பதைப் பற்றி எழுதுவோர் மிகக் குறைவு. கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களின் வட்டார வள மையங்களில் ஆசிரியர் பயிற்றுநராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், அதைப் பற்றி மட்டும் எழுத விரும்புகிறேன்.

அஞ்செட்டி, தளி, பென்னாகரம், அரூர்ப் பகுதிகளின் மலையோரச் சிற்றூர்களில் ஐந்து வகுப்புகளுக்கும் சேர்த்து இருபது முப்பது பிள்ளைகளே படிக்கும் பள்ளிகள் பல உள்ளன. கல்வி உரிமைச் சட்டப்படி அறுபது பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். அவர்களில் ஒருவர் கூட்டத்துக்கோ பயிற்சிக்கோ சென்றுவிட்டால், ஐந்து வகுப்புகளும் ஒரே அறைக்கு வந்துவிடும். இதை ஒரு குறையாகவே துறையும் பெற்றோரும் பார்க்கிறார்கள். வயதும் வகுப்பும் கலந்து ஒரே கூரையின்கீழ் அமரும் அந்தப் பள்ளியில்தான் பிள்ளைகள் தங்கள் கற்றலைத் தாங்களே முன்னெடுத்துச் செல்வது மிக எளிதாக நடக்கிறது என்பது நான் பணிக்காலம் முழுவதும் கண்டது. நாற்பது பேர் ஒரே வயதில் வரிசையாக அமர்ந்திருக்கும் வகுப்பில், தெரிந்தவரிடம் கேட்பது என்பதே ஆசிரியரிடம் கேட்பது என்றாகிவிடுகிறது. சிறு பள்ளியிலோ தெரிந்தவர் பக்கத்துப் பாயிலேயே இருக்கிறார்.

இது வெளிநாட்டிலிருந்து புதிதாக இறக்கிய சிந்தனை என்று சில நண்பர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். வேப்பனப்பள்ளியை ஒட்டியுள்ள கோலார் மாவட்டத்தில், இராயல்பாடு அருகே, டேவிட் ஹார்ஸ்பரோ என்பவர் 1972இல் நீல்பாக் என்ற சிறு பள்ளியைத் தொடங்கினார். அவர் பிறப்பால் ஆங்கிலேயர் என்றாலும் பள்ளி நம் பக்கத்து மண்ணில் நம் பக்கத்துப் பிள்ளைகளுக்காக நடந்தது. வெவ்வேறு வயதுப் பிள்ளைகள் அங்கே ஒன்றாக அமர்ந்து, கணக்கு, மொழிகளோடு தச்சு, தையல், கட்டட வேலை, தோட்ட வேலை ஆகியவற்றையும் கற்றார்கள். அந்தச் சிந்தனை மதனப்பள்ளி அருகேயுள்ள ரிஷி வேலியின் கிராமப்புறப் பள்ளிகளில் செயல்பாட்டு அட்டைகளும், பாடத்தைப் படிப்படியாக வரிசைப்படுத்திய கற்றல் ஏணியுமாக வளர்ந்து, 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளுக்கு வந்து, சில ஆண்டுகளில் தமிழகத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் செயல்வழிக் கற்றல் என்ற பெயரில் பரவியது.

அந்த நாள்களின் வகுப்பறையை இன்றைய இளம் ஆசிரியர்கள் பலர் பார்த்ததில்லை என்பதால் சற்று விரித்துச் சொல்கிறேன். சுவரின் கீழ்ப்பகுதியில் பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை இருக்கும். ஒவ்வொருவருக்கும் அதில் ஓர் இடம். தலைக்கு மேலே கட்டிய கம்பிப் பந்தலில் அவர்கள் வரைந்ததும் எழுதியதும் தொங்கும். வந்தவுடன் தன் வருகையைத் தானே பதிவு செய்து, அன்றைய வானிலையைக் குறித்துவிட்டு, கற்றல் ஏணியில் தான் எந்தப் படியில் நிற்கிறோம் என்று பார்த்து, அதற்குரிய சின்னம் போட்ட அட்டையைத் தட்டிலிருந்து பிள்ளையே எடுத்துக்கொள்ளும். சில அட்டைகளுக்கு ஆசிரியரின் துணை வேண்டும். சிலவற்றுக்கு இன்னொரு பிள்ளையின் துணை போதும். சிலவற்றைத் தானே முடிக்க வேண்டும். காய்ச்சலில் பத்து நாள் வராத பிள்ளை, திரும்பி வந்ததும் விட்ட படியிலிருந்தே தொடரலாம் என்பது, மாங்காய்ப் பருவத்தில் பெற்றோருடன் தோப்புக்கும், செங்கல் வேலைக்கும் கட்டட வேலைக்கும் போய் வரும் நம் மாவட்டப் பிள்ளைகளுக்கு எவ்வளவு பெரிய காரியம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அது ஏன் தேய்ந்தது என்பதற்குப் பல காரணங்கள் உண்டு. கிழிந்த அட்டைகளுக்கு மாற்று அட்டைகள் வரவில்லை. பாடப்புத்தகமும் வீட்டுப்பாடமும் இல்லாத பள்ளியைப் பெற்றோர் நம்பவில்லை. 2012-13இல் முப்பருவப் புத்தகங்கள் வந்தபின் அட்டை ஒரு பக்கமும் புத்தகம் ஒரு பக்கமும் இழுத்தன. எனினும் முதன்மையான காரணமாக நான் கருதுவது வேறு: எல்லாப் பள்ளிகளிலும் எல்லாப் பிள்ளைகளும் ஒரே அட்டையை ஒரே வரிசையில் எடுக்க வேண்டும் என்றானபோது, தானே தேர்ந்தெடுப்பது என்பது பெயரளவில் மட்டும் மிஞ்சியது. ஏணியின் படிகளைச் சென்னையில் வகுத்தார்கள். அஞ்செட்டிப் பிள்ளை அதில் ஏறியது, அவ்வளவே.

பிள்ளைகள் தாங்களாக முன்னெடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இரண்டு எடுத்துக்காட்டுகளைச் சொல்ல அனுமதிக்க வேண்டும். தேன்கனிக்கோட்டைப் பக்கத்தில் ஒரு பள்ளியில், பாடத்தில் தசம எண்கள் வருவதற்கு வெகு முன்பே, நான்காம் வகுப்புச் சிறுவன் ஒருவன் வீட்டிலிருந்து பால் கூட்டுறவுச் சங்கத்தின் அட்டையைக் கொண்டு வந்திருந்தான். காலையில் மூன்று லிட்டர் 400 மில்லி, மாலையில் இரண்டு லிட்டர் 700 மில்லி, கொழுப்பு இவ்வளவு, இதர சத்து இவ்வளவு, விலை இவ்வளவு என்று அதில் இருந்தது. தன் வீட்டுப் பாலுக்கு ஒரு நாள் கூடுதலாகவும் மறுநாள் குறைவாகவும் விலை கிடைப்பது ஏன் என்பதே அவன் கேள்வி. அவனோடு இரண்டு ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் சேர்ந்துகொண்டு, தங்கள் வீட்டு அட்டைகளையும் கொண்டு வந்து ஒப்பிட்டு, கொழுப்பின் அளவு மாறும்போது விலை மாறுவதைத் தாங்களே கண்டுபிடித்து, பிறகு பசுவுக்கு எந்தத் தீவனம் போட்ட நாளில் என்ன வந்தது என்று குறிக்கத் தொடங்கினார்கள். ஆசிரியை செய்தது ஒன்றுதான்: புள்ளிக்குப் பின்னால் வரும் எண்ணை எப்படிப் படிப்பது என்று கேட்டபோது சொல்லிக் கொடுத்தார்.

மற்றொன்று பென்னாகரம் பக்கத்தில். பள்ளி வாசலில் நிற்கும் புளியமரத்தின் இலைகள் மாலையில் மூடிக்கொள்வதை ஒரு பெண் பிள்ளை கவனித்துச் சொல்ல, எத்தனை மணிக்கு மூடுகிறது, மழை மூட்டம் உள்ள நாளில் முன்னதாக மூடுகிறதா, மூடும் மரங்கள் வேறு எவை என்று ஒரு பருவம் முழுவதும் அந்தப் பிள்ளைகள் நோட்டில் எழுதினார்கள். பள்ளி விட்ட பின்னரே இலை மூடும் என்பதால் கவனிப்பு வீட்டுக்குப் போயிற்று. பாட்டிமார்களும் ஆடு மேய்ப்பவர்களும் அதில் பங்கெடுத்தார்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறிய பிள்ளை ஒருத்தி, தூங்குமூஞ்சி மரம் என்று எழுதுவதற்காகவே ஞகர மெய்யைக் கற்றுக்கொண்டாள்.

இந்தப் பகுதிக்கே உரிய இன்னொரு நன்மையும் உண்டு. அதைக் கல்வித் திட்டங்கள் எழுதுவோர் போதிய அளவு கவனித்ததாகத் தெரியவில்லை. தளி, ஓசூர், வேப்பனப்பள்ளிப் பகுதிகளில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசிவிட்டுத் தமிழ்வழிப் பள்ளிக்கு வரும் பிள்ளைகள் ஏராளம். இருளர் குடியிருப்புகளிலிருந்தும் லம்பாடித் தாண்டாக்களிலிருந்தும் வரும் பிள்ளைகளின் வீட்டுப் பேச்சும் வேறு. பணியிடமாறுதலில் வரும் ஆசிரியருக்கு அந்த மொழி தெரியாது; அதற்காக அவரைக் குறை சொல்லவும் முடியாது. முதல் வகுப்புக்கு வந்த பிள்ளை வாயே திறக்காமல் அமர்ந்திருக்கும்போது, அதே தெருவிலிருந்து வரும் நான்காம் வகுப்பு அக்கா அதன் அருகில் அமர்ந்து, வீட்டு மொழியில் கணக்கைச் சொல்லித் தமிழில் விடையை எழுத வைப்பதை எந்தப் பயிற்சியிலும் கற்றுத்தர இயலாது. பயிற்று மொழி இயன்றவரை பிள்ளையின் தாய்மொழியாக இருக்க வேண்டும் என்று 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவு சொல்கிறது. அந்த வாசகம் நடைமுறையில் உயிர்பெறும் ஒரே இடம், பெரிய பிள்ளையும் சின்னப் பிள்ளையும் ஒன்றாக அமரும் அந்தப் பாய்தான். வகுப்புவாரியாகப் பிரித்துப் பெரிய பள்ளியோடு இணைக்கும்போது முதலில் அறுபடுவது இந்த இழை.

இங்கே ஓர் எச்சரிக்கையையும் சொல்லியாக வேண்டும். மூத்த மாணவர் இளைய மாணவருக்குச் சொல்லிக் கொடுப்பது நமக்குப் புதிதல்ல. திண்ணைப் பள்ளிக்கூடங்களில் சட்டாம்பிள்ளை இருந்தார். மணலில் எழுதிப் பழகும் நம் பிள்ளைகளைக் கண்ட ஆண்ட்ரூ பெல், சென்னை எழும்பூரில் தாம் நடத்திய ஆதரவற்ற சிறுவர் பள்ளியில் மாணவரைக் கொண்டே மாணவருக்குக் கற்பித்து, அதைப் பற்றி 1797இல் லண்டனில் எழுதி வெளியிட்ட பிறகு, அந்த முறை இங்கிலாந்தெங்கும் பரவியது. அதன் கவர்ச்சி அதன் மலிவில் இருந்தது. ஓர் ஆசிரியர் சம்பளத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள். அதே ஆசை இன்றும் நிர்வாகங்களுக்கு வரக்கூடும். பிள்ளைகள் தாங்களாகவே கற்கிறார்களே, இரண்டாவது ஆசிரியர் எதற்கு என்று கோப்பில் எழுத ஒருவர் போதும். ஐந்தாம் வகுப்பின் கெட்டிக்காரப் பெண் பிள்ளை சம்பளமில்லா ஆசிரியையாகி, தன் படிப்பை விட்டுவிட்டுச் சிறு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதையும் நான் பார்த்திருக்கிறேன். வீட்டில் தம்பியை இடுப்பில் சுமப்பவள் பள்ளியிலும் அதையே செய்கிறாள். அதற்குத் தலைமைப் பண்பு என்று பெயர் சூட்டுவது அநியாயம். யார் யாருக்குச் சொல்லிக் கொடுப்பது என்பது நாளுக்கு நாள் மாற வேண்டும். ஆடு குட்டி போடுவதைப் பற்றி இரண்டாம் வகுப்புச் சிறுவனுக்குத் தெரிந்தது ஐந்தாம் வகுப்புக்குத் தெரியாது. அன்று அவன் பேசட்டும்.

எழுத்தையும் எண்ணையும் பிள்ளை தானாகவே கண்டுபிடித்துக்கொள்ளும் என்று நம்புகிறவன் அல்லன் நான். அவற்றை முறையாக, பொறுமையாக, நாள்தோறும் ஆசிரியர் கற்பித்தாக வேண்டும். 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலைவாரியாகப் பிரித்துக் கற்பிப்பதை நான் வரவேற்கிறேன். எல்லோரும் ஒரே பக்கத்தில் இல்லை என்பதை அரசே ஒப்புக்கொண்டது அதன் சிறப்பு. ஆனால் சிக்னல் கிடைக்காத மலைக் கிராமத்தில், இரண்டு ஆசிரியர்களே உள்ள பள்ளியில், மதிப்பீட்டைச் செயலியில் ஏற்றுவதற்காக ஆசிரியர் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு மேடு தேடி நடக்கும் நேரம், பிள்ளைகளின் அருகில் அமர்ந்திருக்க வேண்டிய நேரம்.

ஆகவே என் கோரிக்கை மிகச் சிறியது. முற்பகல் முழுவதும் இப்போதுள்ளபடியே மொழிக்கும் கணக்கிற்கும் இருக்கட்டும். அறுபது பிள்ளைகளுக்குக் குறைவான தொடக்கப் பள்ளிகளில் மதிய உணவுக்குப் பிந்தைய நேரத்தை, மாநில அளவிலான கால அட்டவணையிலிருந்து விடுவித்து, பள்ளியின் பொறுப்பில் விட வேண்டும். அந்த வாரம் எதைப் பற்றி அறிய விரும்புகிறோம், யார் யாரோடு சேருவது, ஊரில் யாரை அழைத்துக் கேட்பது என்பதைத் திங்கட்கிழமை பிள்ளைகள் வட்டமாக அமர்ந்து முடிவு செய்யட்டும். வெள்ளிக்கிழமை அவர்களே மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்லட்டும். செயல்பாடு, கண்டறிதல், தேடல் வழியாகக் கற்றல் என்று மேற்சொன்ன 29ஆம் பிரிவிலேயே இருப்பதால் இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. ஒன்று முதல் ஐந்து வகுப்புகளுக்குச் சட்டம் கேட்கும் ஆண்டுக்கு 200 வேலை நாள்கள், 800 கற்பித்தல் மணி நேரம் என்ற கணக்கும் குறையாது. பெற்றோர் நான்கில் மூன்று பங்கு இடம்பெறும் பள்ளி மேலாண்மைக் குழுவின் கூட்டத்தில் பிள்ளைகளின் நோட்டுகளைப் பெற்றோர் முன் வைத்தால், வீட்டுப்பாடம் இல்லையே என்ற பழைய அச்சமும் பெருமளவு தணியும்.

பக்கத்துத் தருமபுரி மாவட்டத்திலேயே பார்க்க இடங்கள் உள்ளன. நாகர்கூடலில் உள்ள புவிதம், சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கில் உள்ள துளிர் ஆகியவற்றில் வயலும் கைத்தொழிலும் பாடத்தின் பகுதிகள். அவற்றின் வசதிகளும் அமைப்பும் வேறு. அரசுப் பள்ளி அவற்றை அப்படியே நகலெடுக்க இயலாது என்பதை அறிவேன். இருந்தாலும், வள மைய அரங்கில் நாள் முழுவதும் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் பயிற்சிகளில் ஒன்றைக் குறைத்து, சிறு பள்ளி ஆசிரியர்கள் அங்கேயோ, தங்கள் வட்டாரத்திலேயே நன்றாக நடக்கும் இன்னொரு சிறு பள்ளிக்கோ சென்று ஒரு பிற்பகல் அமர்ந்துவிட்டு வந்தால் அதிகம் கற்பார்கள்.

பார்வையிட வரும் அலுவலர்களுக்கும் ஒரு சொல். பாடம் எந்தப் பக்கத்தில் நிற்கிறது என்று ஆசிரியரிடம் கேட்பதற்கு முன், இந்த வாரம் என்ன தேடிக்கொண்டிருக்கிறீர்கள் என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். விடை வராவிட்டால் பிறகு ஆசிரியரிடம் கேட்கலாம்.

இரண்டு மாவட்டங்களிலும் வட்டாரத்துக்கு இரண்டு மூன்று பள்ளிகளையாவது தேர்ந்து, காலியாக உள்ள இரண்டாவது ஆசிரியர் பணியிடங்களை முதலில் நிரப்பி, வரும் ஜூனில் பள்ளி திறக்கும்போதே இதைத் தொடங்குமாறு தொடக்கக் கல்வித் துறையைத் தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் பயிற்றுநர்,
தேன்கனிக்கோட்டை,
கிருஷ்ணகிரி மாவட்டம்.